க் விழுந்த இடம்

மின்விசிறியை நிறுத்திவிட்டேன், காகிதம் பறக்கும்.
மஞ்சக்குப்பத்து ஆவணிப் புழுக்கம்,
வியர்த்தால் வியர்க்கட்டும்.
சாப்பாட்டு மேசையில் இன்றைக்கு இடமில்லை,
தட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று
அப்பனுக்கும் மகனுக்கும் சொல்லியாயிற்று.

பகலெல்லாம் முத்திரை குத்துகிறவள்தான் நான்.
பிறப்பு இறப்புப் பதிவு, மூன்றாவது சன்னல்.
வட்ட முத்திரை, ஊதா மை.
வந்தவருக்கும் அதுவே, போனவருக்கும் அதுவே.
ஓரம் தள்ளி விழுந்தால் மேலாளர் கண்ணாடியைக் கழற்றுவார்.
பதினோரு வருஷத்தில்
அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு
ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

அதே மணிக்கட்டுதான்.
இரவு எட்டரைக்கு மேல்
சாம்பல்நிற மைத்திண்டில் ஒரு நாரையை ஒற்றி
வெள்ளை அட்டையில் வைத்து
மூச்சை அடக்கி, மூன்று எண்ணி,
அசையாமல் நேராக மேலே தூக்கினால்
நிற்கிறது,
கெடிலத்துச் சேற்றில் நிற்கிற அதே அலட்சியத்தோடு,
ஒரு கால் இல்லாமல்.

மை போதவில்லை.
தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.
நாரைகள் அப்படித்தானே தூங்கும்.

அச்சுவெட்டும் இயந்திரம் என்னுடையது
கரும்புச்சாறு பிழிகிற இயந்திரத்துக்குப் பிறந்த பிள்ளை.
பலகை, எஃகு அச்சு, அட்டை, மேலே இன்னொரு பலகை,
உள்ளே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.
நடுவில் ஓர் இடத்தில் முரண்டு பிடிக்கும்,
பிறகு கடக்கென்று விட்டுக்கொடுக்கும்.
அந்தக் கடக்குக்காகத்தான் இத்தனையும்.
ராத்திரியில என்னக்கா உடைக்கிறீங்க என்று
எதிர்வீட்டுத் தில்லைக்கரசி கேட்டுவிட்டாள்.

வெளியே வருவது பூவரசம் இலை ஒன்று,
இலை போன ஓட்டை ஒன்று.
இலையை ஒட்டுவதற்குமுன்
ஓட்டை வழியாகக் கொஞ்சம் பார்த்துக்கொள்வேன்:
பல்லி, காலண்டர், வீட்டுக்காரரின் வழுக்கை,
எல்லாம் பூவரசம் இலையாக.

வாழ்த்து முத்திரை
முதுநகர் ஜக்கரியா பாய் செய்து தந்தது.
கண்ணாடியில் தெரிகிற மாதிரி
ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டவர்
ஒரே ஒரு க்-ஐக் கூடுதலாகப் போட்டுவிட்டார்.
வாழ்த்துக்கள்.
முதல் அட்டையை வாங்கிய பதிவறை மாசிலாமணி
உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார்:
"வாழ்த்து வந்துவிட்டது அம்மா, கள் எங்கே?"

பிளேடால் அந்த க்-ஐ அறுத்தெடுத்தேன்.
கொத்தமல்லி விதையளவு ரப்பர்.
அது போன இடத்தில் இடைவெளி விழுந்து
வாழ்த்து தனி, கள் தனி என்றாகி,
முன்பைவிடப் போதை ஏறிவிட்டது.

அப்போதுதான் தட்டில் கிடந்த தூசியைப் பார்த்தேன்.
அச்சு துப்பிய துண்டுகள்,
மீன்கண், பூவின் நடு, சன்னலின் சின்னச் சதுரம்,
பெருக்கித் தள்ள இருந்தவை.
இடுக்கியால் ஒன்றை எடுத்து
க் விழுந்த இடத்தில் ஒட்டினேன்.
ரெஜினாவுக்கு மீன்கண்.
ஓட்டுநர் உரிமம் ஐந்தாம் முறையில் வாங்கிய
அவள் தம்பிக்கு ஒரு சக்கரம்.
பாய்க்கும் ஒன்று அனுப்பினேன், மஞ்சள் பொட்டு வைத்து.
பிழை தெரியவில்லை அவருக்கு,
நல்லா பதிஞ்சிருக்கே என்றார்.

நேற்று
சிங்காரத்தோப்பிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள்.
பெயர்க் கட்டம் காலி.
ஐந்து அத்தைகள், ஐந்து பெயர்கள்,
சண்டை இன்னும் ஓயவில்லையாம்.
சான்றிதழோடு சேர்த்து
ஒற்றைக்கால் நாரையையும் நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுக்கு எவ்வளவு கட்டணும்?"
ஒன்றுமில்லை என்றேன்.
நம்பவில்லை.
இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு
கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்:
"இதுல சீல் வைக்கலையே."

மேலாளர் டீக்குப் போயிருந்தார்.
குத்தினேன்,
நாரையின் தலைக்கு மேல், ஊதாவில், முழு வட்டமாக.
சிரிப்பில் கை ஆடி
ஓரம் தள்ளித்தான் விழுந்தது.