உள் இலக்கம் 231

இரவு இரண்டு பத்து.
கோட்டையில், நாலாம் மாடியில்,
சுவெட்டரைக் காலில் சுற்றிக்கொண்டு இருக்கிறேன்.
கண்ணாடிக்கு வெளியே துறைமுகப் பாரந்தூக்கிகள்
எதையோ தூக்கி எங்கேயோ வைக்கின்றன.
அவற்றின் கணக்கு விடியமுன்
என் திரையில் முடியவேண்டும்.

முடியவில்லை.
கறுப்புத் திரையில் பச்சையாய் ஒரு வரி:
கே எல் எம் 0417.
அதன் கீழே சின்னக் கோடொன்று
விட்டு விட்டு மின்னுகிறது,
சொல்லு, சொல்லு என்று.

'உதவி' என்று அடித்து இலக்கத்தையும் அடித்தால்
மூன்று தலைப்பில் விடை தரும் இந்த இயந்திரம்.
விளக்கம். இயந்திரம் செய்வது. நீங்கள் செய்யவேண்டியது.
இங்கிலீஷில்தான் வரும்; எனக்குள் தமிழாகும்.
ஆறு வருஷமாய் வாசிக்கிறேன்,
எழுதினவன் என்ன நினைத்து எழுதினான் என்று
யோசித்து யோசித்து.
சில விளக்கங்கள் பிழையைவிடப் பிழை.
0388க்கு 'எதிர்பாராதது நடந்தது' என்று மட்டும் இருக்கிறது.
அது எனக்கும் தெரியும்.

0417.
விளக்கம்: கேட்ட கோப்பு கேட்ட இடத்தில் இல்லை.
இயந்திரம் செய்வது: காத்திருக்கும்.
நீங்கள் செய்யவேண்டியது:
தயாசேனவைக் கேட்கவும், உள் இலக்கம் 231.

தயாசேன மெல்பேர்னுக்குப் போய் இரண்டு வருஷம்.
பிரியாவிடைக் கட்லட்டுக்குக் காசு சேர்த்ததே நான்தான்.
என்றாலும் அடித்தேன்.
சொன்னதைச் செய்து பழகிய விரல்.
சுவருக்கு அப்பால் மணி கேட்டது.
ஏழாவது மணியில் ஒரு நித்திரைக் குரல்:
"மிஸ், தே ஓனத?"
தேநீர் அறை. பியன் இந்திக்க.
ஓம் என்றேன். சீனி குறைவாக.

பின்னேரம் வேலைக்கு வரும்போது
கொள்ளுப்பிட்டியில் நூறாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடியும் அட்டையை.
அங்கே முதல் தலைப்பு இல்லை.
அவர்கள் செய்வது, நான் செய்யவேண்டியது,
இரண்டும்தான்.
இறங்கு. நில். ஏறு.
எந்த இலக்கத்தை அடித்து எதைத் தேட?

தேநீர் வந்தது. பால் இல்லை.
"நேற்றுக் கடை பூட்டு மிஸ், போயாதானே,
இந்த மாதம் இரண்டாவது."

இரண்டாவது.
கோப்பையை மேசையில் வைத்தேன், கொஞ்சம் சிந்தியது.
போயாவில் சுங்கம் கோப்பு அனுப்பாது.
மாதத்துக்கு ஒரு போயா, பன்னிரண்டு வரி:
அதுதான் தயாசேன எழுதிவைத்த அட்டவணை.
போன தடவை இப்படி வந்தபோது
ஒருவருக்கும் சொல்லாமல்
தன் கையால் திருத்தியிருப்பான், பாவி.

இல்லாத கோப்பின் பெயரில்
வெறும் கோப்பொன்று உண்டாக்கினேன்.
உள்ளே ஓர் எழுத்துமில்லை.
இயந்திரம் அதைத் திறந்தது,
பூச்சிய வரிகளையும் ஒழுங்காய் வாசித்தது,
திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போனது.
எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும்.

பிறகு விளக்கத்தைத் திறந்து கீழே சேர்த்தேன்
(தயாசேனவின் பெயரை அழிக்கவில்லை):
ஒரே மாதத்தில் இரண்டு போயா வந்தால் இது வரும்.
வெறும் கோப்பு வைக்கவும். பயப்பட வேண்டாம்.
231இல் தேநீர் கிடைக்கும்.

நாலரைக்கு வெளியே பார்த்தேன்.
அட்டவணையில் இல்லாத நிலா
கப்பல்களுக்கு மேலே, ஒரு பக்கம் சற்றுத் தேய்ந்து.
திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக
அட்டையை எடுத்துக்
கைப்பையின் முன் அறையில் வைத்தேன்,
கேட்டால் கேட்ட இடத்தில் இருக்க.