கசிவு

ஹோல்டர்னஸில் ஜனவரி. மைனஸ் ஆறு.
பதினோரு குளிர்காலமாக இதே மூன்று வயல், ஒரு வாய்க்கால்,
பீட் கிழங்கு பிடுங்கிய சேறு.
இன்று சேறும் கல்.

குறிப்பேட்டில்:
ஆள்காட்டி, நாற்பத்தொன்று.
எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து,
யாரையும் காட்டிக்கொடுக்காமல்.
சாம்பல் நாரை ஒன்று, உறைந்த வாய்க்கால் மேல்,
வாடகை கேட்க வந்தவர் போல.
ஃபீல்ட்ஃபேர் தெரியாது.
எண்ணத் தொடங்குமுன் வேலிப்புதர் காலி.
உள்ளான்

அந்த இடத்தை மட்டும் விட்டு வைத்திருந்தேன்.
நவம்பரில் ஏழு. டிசம்பரில் நான்கு.
கோரைத் திட்டு ஒவ்வொன்றாக ஓரம் நடந்தேன்.
ஒன்றும் எழவில்லை.
ஃபிளாஸ்க்கில் தேநீர் ஆறிவிட்டது,
விரல்கள் வேறு யாருடையவோ.
பூஜ்யம் போட்டேன்.
அதுவும் வட்டமாக வரவில்லை.

கேட்டருகே ஸ்பாஃபர்த் டிராக்டரை நிறுத்தினார்.
இத்தனை வருடத்தில் எங்களுக்குள் வானிலை மட்டுமே பேச்சு.
"அந்த நீள மூக்கு," என்றார்.
"கொட்டகைக்குப் பின்னால வந்து பாருங்க."

குழாய் மூட்டில் கசிவு.
இரண்டு கை அகலத்துக்கு உறையாத கறுப்பு மண்.
கண்வரை அலகைச் செலுத்தி நின்றது உள்ளான்.
முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள்.
எங்களைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை.

"மூணு வாரமா மாத்தணும் மாத்தணும்னு..."
கோட்டுப் பையில் ஸ்பேனர் புடைத்திருந்தது.
அதன்மேல் கை வைத்தார்.
எடுக்கவில்லை.
தண்ணீர் பில்லைப் பற்றி ஏதோ முனகினார், டிராக்டரிடம்.

என் எல்லை வேலியோடு முடிகிறது.
கொட்டகை கணக்கில் வராது.
பூஜ்யத்தை அடித்து
ஒன்று என்று எழுதினேன்.