மாதக் கடைசி

மாலை ஐந்து நாற்பது.
மல்லியப்பூ சந்தியில் பஸ்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு நிற்கின்றன.
எங்கள் டிப்போவின் வெள்ளைப் பலகையில் ஆறு பெயர்கள்.
ஐந்துக்கு எதிரே பச்சை.
நோர்வூட் ரூட், ஜெனிட்டாவின் பெயருக்கு எதிரே மட்டும்
எண்பத்தொன்று.
சதவீதக் குறி போடவும் மனமில்லாமல்
நானே எழுதியது.

நூறு வரவேண்டும்.
வராவிட்டால் ஆறு பேருக்குமே இன்சென்டிவ் இல்லை.
கொழும்பில், மழை கேட்காத ஓர் அறையில்
போட்ட கணக்கு அது.

எனக்கு வழி தெரியும்.
அந்த வழியில் ஏறித்தான் சூப்பர்வைசர் ஆனேன்.

மூன்று வருடத்துக்கு முன், மே முப்பத்தொன்று,
பொகவந்தலாவையில் நிஸ்தார் நானாவின் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
குனிந்து உள்ளே போனேன்.
"நாப்பது பெட்டி இறக்குறேன் நானா,
காசு அடுத்த மாசம் பார்ப்போம்."
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
விலையைச் சொன்னபின் வாயை மூடு,
முதலில் பேசுகிறவன் தோற்பான்.
மூடினேன்.
தகரத்தில் மழை மட்டும் பேசியது.
அவர்தான் தோற்றார்.
"சரி தம்பி, எழுது."

அந்த வருடம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மேடை,
கண்ணாடிக் கேடயம், கைதட்டல்.
அதற்குமுன் ஜூலையில் ஒருநாள்
நானாவின் கூரை ஒழுகியிருந்தது.
அடுக்கிய பெட்டிகள் அடியிலிருந்து ஊறியிருந்தன.
ஏசுவார் என்று நினைத்து
பதில்களைத் தயாராக்கிக்கொண்டு போனேன்.
ஏசவில்லை.
பிளேன்டி ஊற்றி, சின்னத் தட்டில்
எங்கள் கிரீம் பிஸ்கட் நாலு வைத்தார்.
கடித்தேன்.
சத்தமே வரவில்லை.
"எப்படி இருக்கு?" என்றார்,
உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல.

போன் அடிக்கிறது. ஜெனிட்டா.
பின்னால் லொறி என்ஜின் இருமுகிறது.
"அண்ணே, இன்னும் மூனு கடை இருக்கு.
நான் கேட்டா மூனு பேரும் எடுப்பாங்க.
ஆனா ராக்கைய எண்ணிப் பார்த்தேன்.
போன மாசத்துதே பதினொரு பெட்டி
திறக்காம கெடக்கு.
நான் போடல."

அனுமதி கேட்கவில்லை.
தகவல் சொல்கிறாள்.

பதினாலு வருடம் இந்த வளைவுகளில் அலைந்தவன் நான்.
எத்தனை பெட்டி லொறியைவிட்டு இறங்கியது என்று
தூக்கத்திலும் எண்ணியிருக்கிறேன்.
எத்தனை கடையைவிட்டுப் போகவில்லை என்று
ஒருநாளும் இல்லை.

"அண்ணே, கேக்குதா?"
"கேக்குது."

ரோஷாந்த சேருக்கு எடுத்தேன்.
எண்பத்தொன்று என்றேன்.
அவர் பேசவில்லை.
அதே பயிற்சி, அதே மௌனம்.
இந்தமுறை நானே முதலில் பேசினேன்:
"எண்பத்தொன்றுதான், சேர்."

திருக்குமார் ஹெல்மெட்டை மேசையில் வைத்த சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.
பைக்குக்குத் தவணை கட்டுகிறவன்.
பச்சை அவனுடையது, நட்டமும் அவனுக்கு.
தலைமைத்துவம் என்று
இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்,
சான்றிதழ்கூட இருக்கிறது.
அவனுக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் இல்லை.
வாக்கியம் அவனுக்குத் தேவையுமில்லை,
ஏழாயிரத்து ஐந்நூறு தேவை.
பாதியை என் பையிலிருந்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
மறுநாள் வேலைக்கு வந்தான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பொகவந்தலாவைக்குப் போனேன்.
பில் புத்தகத்தைத் திறக்கவில்லை.
நானாவின் ராக்கைமுன் நின்று
விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது.
தராசைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்ன தம்பி, களவு போயிட்டா?"

"இல்ல நானா.
இன்னைக்கு உங்களுக்கு ஒன்னும் தேவையில்ல."

அவர் நம்பவில்லை.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து
தானும் ஒருமுறை
எண்ணிப் பார்த்தார்.