எதிர் எடை

ஹாலிஃபாக்ஸில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
அது தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்
ஹெப்பிள் வரிசையை:
பதினான்கு வீடுகள், ஒரே கூரை,
பதினைந்து சுவர்கள்.
இரு கோடிச் சுவர் தவிர
மற்ற பதின்மூன்றும்
யாருக்கும் முழுச் சொந்தமில்லை.
ஒருவர் இருமினால்
அடுத்தவர் தேநீரை ஆற்றுவதை நிறுத்துவார்.

தெருவைப் பார்க்கும் முகத்துக்கு
இழைத்து அடுக்கிய மணற்கல்.
முதுகுக்குக் கைக்கு வந்த கல்.
சட்டம் இரண்டையும் காக்கிறது,
புகைப்படம் முகத்தை மட்டும்.

ஆலைப் புகை குடித்துக் குடித்துக்
கறுத்த கல் அது.
ஆறாம் எண்ணை மட்டும்
எழுபத்து நான்கில் யாரோ
மணல் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள்.
காவி ஏறிய பல்வரிசையில் ஒரு கட்டிய பல்.
அதைத் திரும்பக் கறுப்பாக்க
எங்கள் அலுவலகத்தில் படிவம் இல்லை.

ஒன்பதாம் எண்ணுக்கு
மறுப்புக் கடிதம் எழுதியவள் நான்.
டெனிஸ் சக்டன். இரவுப் பணி நர்ஸ்.
உலகம் விழிக்கும்போது படுப்பவள்.
ஜன்னல் இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்து
அதற்கும் மேல் இரண்டு போர்வை.
பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் கேட்டிருந்தாள்.
"கட்டடத்தின் தனித்தன்மைக்கு ஊறு."
இந்த வரியை
வருடத்துக்கு நாற்பது தடவை எழுதுகிறேன்.
என் வீட்டில் இரட்டைக் கண்ணாடிதான்.

காப்பு என்றால் காவல்.
குழந்தைக்குப் போடுவதும் காப்பு,
பிடிபட்டவன் கையில் பூட்டுவதும் காப்பு.
அவள் எதைச் சொன்னாள் என்று
நான் கேட்கவில்லை.
"நல்லாக் காப்பாத்துறீங்க" என்றாள்,
அவ்வளவுதான்.

பழையதையே செப்பனிடலாம் என்று
பத்தாம் எண் நதீம் கியானி வந்தார்.
தச்சர். பதினாறு வருடமாக
அவள் அலாரத்தில் விழிக்கிறவர்.
மேற்பார்வைக்கு நானும் போனேன், ஈரக் குடையோடு.

இந்த ஜன்னல் கதவு திறப்பதில்லை, ஏறுகிறது.
நிலைச்சட்டத்துக்குள் ஒளிந்த கூண்டில்
கயிற்றில் தொங்குகின்றன இரும்புகள்.
கண்ணாடி மேலே போக
யாரும் பாராமல்
ஒன்று கீழே போகவேண்டும்.
அந்தக் காலம் முழுக்கவே
அப்படித்தான் ஏறியது என்று
நான் சொல்லவில்லை. நினைத்தேன்.

சிறு பலகையைக் கழற்றினார் நதீம்.
ஓர் இரும்பு. இன்னோர் இரும்பு. மூன்றாவது.
நான்காம் கயிற்றில்
இரும்பு இல்லை.
கம்பளிக் காலுறை ஒன்று.
உள்ளே ஆற்றுக் கூழாங்கல்.
வாயில் கம்பி முறுக்கு.
குதிகாலில் வேறு நிற நூலில் தையல்.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம்.
இரும்புக்கு ஏழு ராத்தல்.
காலுறைக்கு ஏழு, அதில் ஒரு சிட்டிகை குறைவு.
டெனிஸ் சிரித்துச் சிரித்து
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
ஓர் எடை குறைந்த நாளில்
எவனோ பூட்ஸைக் கழற்றியிருக்கிறான்.
ஒரு கால் வெறுங்காலாக
இதே மழையில்
வீடு போயிருக்கிறான்.

"வண்டியில் புது இரும்பு இருக்கு,
இதை எறிஞ்சிடவா?" என்றார் நதீம்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
என் படிவத்தில் இரண்டே கட்டம்:
அசல். பிற்சேர்க்கை.
ஏமாற்று என்றால் அசலான ஏமாற்று.
நூற்றைம்பது குளிர்காலம்
ஒருவரும் கண்டுபிடிக்காத வேலை.
பேனாவை மூடினேன்.

"ஒண்ணும் எறியவேண்டாம்" என்றேன்,
"உள்பக்கம் மெல்லிய கண்ணாடி ஒன்று
வெளியே தெரியாமல் போடலாம். விண்ணப்பியுங்கள்.
இந்தத் தடவை அந்த வரி வராது."
"முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாமே?"
சொல்லியிருக்கலாம்.

புதுக் கயிறு. பழைய முடிச்சு.
மெழுகு தேய்த்த தடத்தில்
டெனிஸ் ஒற்றை விரலால் தள்ளினாள்.
மழை வாசம் உள்ளே வந்தது.
சுவருக்குள் யாரோ
ஒரு காலால்
ஒரு படி இறங்கினார்கள்.