மரிக்கொழுந்துப் பாசி

கொழுந்து என்றால் எனக்கு இரண்டு.
மலையில் பறித்தது, கடலில் பறிப்பது.
இரண்டுக்கும் விரலில் துணி சுற்ற வேண்டும்.

பதினேழு வயதில் கப்பலேறினேன்.
அப்பாவின் சட்டைப்பையில் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது:
தாழைவலசை.
லயத்தில் யாரும் பார்த்ததில்லை அந்த ஊரை.
ஆனாலும் கல்யாணப் பத்திரிகையின் முதல் வரியில்
இராமநாதபுரம் ஜில்லா, தாழைவலசை என்று
நாவலப்பிட்டி அச்சகத்தில்
தவறாமல் அடித்துக்கொண்டிருந்தோம்.

மண்டபம் முகாமில் பெயர் கூப்பிட்டார்கள்.
பெரட்டுக் களத்தில் தூக்குவதுபோலவே
கையைத் தூக்கினோம்.
என் பூட்டனுக்கு அம்மை குத்தி
அந்தக் கரைக்கு அனுப்பியதும்
இதே முகாம்தானாம்.

தாழைவலசைக்கு பஸ் இல்லை.
உப்பளத்தின் வரப்பில் நடந்தோம், சித்திரை வெயிலில்.
அப்பா தோளிலிருந்து கம்பளியை இறக்கவே இல்லை.
கருவேலங்காட்டு ஓரம் ஆடு மேய்த்தவர் கேட்டார்,
"யாரத் தேடி?"
அப்பா பெயர்களை ஒப்பித்தார்.
மூக்கன் மகன் சடையன், சடையன் மகன் வீராயி புருஷன்...
"அந்த வகையறா பஞ்சத்துல போயிருச்சேய்யா."
"அவுங்கதான் நாங்க."
அவர் ஆடுகளை எண்ண ஆரம்பித்தார்.

ஊருக்குள் மோர் கொடுத்தார்கள்.
"பங்கு கேட்டா வந்திருக்கீக?" என்றார்கள்.
செம்பை வாங்கிய கை அப்படியே நின்றது.
அம்மா அவசரமாகச் சொன்னாள்,
"போன கிழமைதான் வந்தோம்."
"எந்தக் கிழமை? செவ்வாயா, புதனா?"
ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.
எங்கள் கிழமைக்கு ஏழு நாள் என்று
அவர்களுக்குத் தெரியாது.
அந்த ஏழு நாளும் எங்களுக்குப் போக்கிடமில்லை என்றும்.

தாலுகா ஆபீஸ் தாளில்
பூர்வீகம் என்று ஒரு கட்டம்.
அங்கே அதில் இந்தியா என்று எழுதினான்.
இங்கே இலங்கை என்று எழுதினான்.
கட்டம் என்னவோ ஒரே அளவுதான்.

பிறகு பாம்பன்.
காலில் அலுமினியத் தட்டைக் கட்டிவிட்டவள் கித்தேரி.
நான் விரலுக்குத் துணி சுற்றும் வேகத்தைப் பார்த்து,
"முன்னாடி எந்தக் கடல்ல பாசி எடுத்த?" என்றாள்.
"மலையில" என்றேன்.
சிரித்ததில் உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறி
வெகுநேரம் இருமினாள்.
அன்றிலிருந்து நான் 'மலை'.
"ஏ மலை, அங்கிட்டுப் போகாத, நீரோட்டம் இழுக்குது."
"ஏ மலை, சோறு கொண்டாந்தியா?"

ஒருநாள் வனத்துறைப் படகு வந்தது.
சாக்கைப் பிடுங்கியபடி ஒவ்வொருத்தியாய்க் கேட்டார்கள்,
எந்த ஊர், எந்த ஊர்.
என் முறை வந்தபோது
"எங்க ஊருதான், எழுதிக்கங்க" என்றாள் கித்தேரி.
அதே கித்தேரி
அடுத்த மாசம் ஒரு பாறைக்குச் சண்டை வந்தபோது
"கப்பல்ல வந்த நாயி" என்றாள்.
நான்கு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள்
என் கண்ணாடியின் அறுந்த ரப்பரை
அவளே தைத்து வைத்திருந்தாள்.
இரண்டையும் நான் மறக்கவில்லை.

மகன் படித்தவன். போன மாசம் சொன்னான்,
"வலசைன்னா இடம்பெயர்ந்து போறதும்மா.
எவனோ எங்கிருந்தோ ஓடியாந்து
உக்காந்த எடந்தான் அந்த ஊரு."
இத்தனை வருஷம் கழித்து.
அப்பா போய்ச் சேர்ந்த பிறகு.
அந்த ஆட்டுக்காரரும் இருக்கமாட்டார்,
நீங்க எப்ப வந்தீக என்று கேட்க.

இன்று காற்றில்லை. தீவோரம் தெளிந்த தண்ணீர்.
பாலித்தீன் பைக்குள் போன் நடுங்கியது.
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.
இடுப்பளவு கடலில் நின்று
ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.
இதுவரை எந்தக் கரையும்
எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

"யாருடி?" என்றாள் கித்தேரி.
"கம்பெனிக்காரன்."
"என்னவாம்?"
"தெரியல, ஆள் மாத்தி அனுப்பிட்டான்."

சுட்டுவிரல் துணி அவிழ்ந்திருந்தது.
பல்லால் கடித்து இறுக்கினேன்.
மணி ஏழுகூட ஆகவில்லை,
சாக்கில் பாதிகூட நிறையவில்லை.