இரட்டைப்படை நாட்கள்

இரட்டைப்படைத் தேதிகளில் கார் என்னுடையது.
ஒற்றைப்படையில் என் கொழுந்தன் எர்மெக்குடையது.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வரும்போது
அவனுக்கு இரண்டு நாள்.
அதைப் பற்றி நான் பேசுவதில்லை.
யகூத்ஸ்க்குக்கு வேலைக்குப் போன என் கணவன்
கடனைச் சரிபாதியாக இருவர் பேரிலும் எழுதிவிட்டுப் போனான்.
ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய சுபாருவை
யார் பேரிலும் எழுதவில்லை.

டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நோட்டு.
எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல், வேறென்ன.
நான் எழுதினேன்: இடப்பக்கம் திருப்பினால் நறநறக்கிறது.
அவன் எழுதினான்: சத்தம் இல்லை.
நான்: டோலோன் கணவாயில் ஒவ்வோர் இடவளைவிலும்,
சோற்றில் கல் கடித்த மாதிரி.
அவன்: சத்தம் இல்லை.

நாரினிலிருந்து கோச்கோருக்கு நான்கு பேர் ஏறினால்
நான்கு மெக்கானிக் ஏறியதாகக் கணக்கு.
பின்சீட்டு வாத்தியார் ஸ்டியரிங் ஆயில் என்றார்.
உலர்தயிர் விற்கும் புருல்கான் குளிர் என்றாள்,
அவளுக்கு எல்லாமே குளிர்தான்.
லீவில் வந்த சிப்பாய், டாங்கி ஓட்டுகிறவன்,
ஒன்றும் சொல்லாமல் சிரித்தான்.

என் ஸ்டியரிங் வலப்புறம். இங்கே போக்குவரத்தும் வலப்புறம்.
லாரியை முந்தவேண்டுமென்றால்
இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து
வா, வா, ஐயோ வராதே, என்று சொல்லவேண்டும்.
அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும்
சத்தம் தன் காலுக்கடியில்தான் என்றார்கள்.
சாலையைப் பார்த்துச் சொல்பவர்களை நம்பித்தானே
உயிரோடு இருக்கிறேன்?
இதையும் நம்பினேன்.
இடது ஆக்ஸில் மூட்டுக்கு நாலாயிரம் சோம்.
பணம் போனது. சத்தம் எங்கும் போகவில்லை.

மெலிஸ் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
நேராகப் போனால்?
லேசான உறுமல்.
வேகம் கூடினால்?
கூடும்.
பிரேக் அழுத்தினால்?
மாறாது.
வலப்பக்கம் திருப்பினால்?

யோசித்தேன். யாரும் கேட்டதில்லை அதை.
நானும்.
வலப்பக்கம் திருப்பினால் அமைதி.

அவர் கையில் டீக் கிண்ணம்.
சட்டென்று அதை இடப்பக்கம் வளைத்தார்.
டீ வலது விளிம்பில் ஏறி
அவர் சட்டையிலேயே கொட்டியது.
பாரம் அந்தப் பக்கம், புரிகிறதா, என்றார்,
சட்டையை உதறாமலே.

ஜாக்கி ஏறியது.
சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள் என்று
இடது சக்கரத்தைச் சுழற்றினார்.
சில்லிட்ட இரும்பு, அவ்வளவுதான்.
பிறகு வலது சக்கரம்.
மாவு மில்லின் தகரத்தில் கை வைத்தாற்போல்
உள்ளங்கை முழுக்க மணல் மணலாய் ஒரு நடுக்கம்.
என் பக்கம்.
என் பெடலுக்கு அடியில். மூன்று மாதமாக.

காலி வண்டியாக ஓட்டினால் கேட்காதா, என்று கேட்டேன்.
கேட்கும், என்றார். காது இருந்தால்.

நட்டு அசையவில்லை.
ஸ்பானரில் இரண்டு மீட்டர் குழாயைச் செருகி
என்னை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார்.
எழுபத்திரண்டு கிலோ. முதல்முறை அதற்காக மகிழ்ந்தேன்.
துப்பாக்கி போல ஒரு சத்தம்; நான் தரையில்.
ரயில்வே ஜாக்கியை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி
பேரிங்கை அங்குலம் அங்குலமாகப் பிதுக்கி எடுத்தார்.
கிரீஸ் செம்மண் நிறத்தில் வழிந்தது.
குண்டுகளில் அம்மைத் தழும்பு.
ஒன்றைத் துடைத்து என் பையில் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று தெரியவில்லை,
காட்டுவதற்காக இருக்கலாம்.

அன்று பன்னிரண்டு.
இருட்டும்வரை மெலிஸின் முற்றத்தில்
இடப்பக்கமாகவே வட்டமடித்தேன்.
பின்சீட்டுக்கு அடியில் எதுவோ உருண்டது,
புருல்கானின் தயிர் உருண்டை,
எத்தனை நாளாக உருள்கிறதோ.

பதினாலாம் தேதி காலை நோட்டைத் திறந்தேன்.
பக்கங்களுக்கு நடுவே மடித்த ஆயிரத்து நானூறு சோம்,
பேரிங் விலையில் பாதி.
பதின்மூன்று. நூற்றெண்பது கிலோமீட்டர். எட்டு லிட்டர்.
இப்போது சத்தம் இல்லை.

இப்போது.

இருக்கையை முன்னுக்கு இழுத்தேன்.
அவனுக்குக் கால் நீளம்.