அடிக்குறிப்பு எண் 212

பதினோரு ஆண்டுகளாக
ஒரே வினைச்சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன்.
எபிரேயத்தில் உடன்படிக்கையை
யாரும் செய்வதில்லை, எழுதுவதில்லை.
வெட்டுகிறார்கள்.

மற்றவர்களுக்கு அது இலக்கணம்.
எனக்கு அப்பாவின் இறைச்சிக்கடை.
விடியற்காலை நான்கு மணிக்கு
முதுகெலும்பு நெடுக ரம்பம் இறங்கும்.
ஒரு கிடாரி இரண்டாகி
எதிரெதிர்க் கொக்கிகளில் ஆடும்.
நடுவிலிருந்த சந்து வழியாகத்தான்
பள்ளிக்கூடப் பையை எடுக்கப் போவேன்,
தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு.

ஆகவே அந்த இரவை
எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
பிறந்த ஊரை விட்டு வந்த கிழவன்.
பிளந்து எதிரெதிரே வைத்த
கிடாரி, வெள்ளாடு, செம்மறிக்கடா.
பறவைகளைப் பிளக்கவில்லை, ஏனென்று தெரியாது.
கழுகுகளை விரட்டி விரட்டிக் களைத்த கை,
பிறகு தூக்கம்.
புகையும் அடுப்பொன்றும் தீவட்டியொன்றும்
துண்டங்களின் நடுவே தாமாகக் கடந்துபோயின.

கடப்பவன் சொல்வதாகப் பொருள்:
சொல் தவறினால் எனக்கும் இதே கதி.
அசீரியக் களிமண் பலகைகளில்
அந்தச் சாபம் சிற்றரசன் தலையில்தான் விழும்,
பேரரசன் கால்மேல் கால் போட்டிருப்பான்.
இங்கே சிற்றரசன் குறட்டை விடுகிறான்.
என் நான்காம் இயல் முழுவதும்
அந்தக் குறட்டையைப் பற்றியதுதான்.

அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:
"அத்தனை இறைச்சியையும் அப்புறம் யார் தின்றது?"
எந்த உரையாசிரியரிடமும் பதில் இல்லை.

மீட்புக்கு வேர் தேடியபோது
பழைய அகராதியொன்று அரபியைக் கைகாட்டியது:
அகலமாதல்.
நெருக்குண்டவனுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தல்.
அன்று மதியம் கடலணைவரை நடந்தேன்,
திரும்பி வந்து மறுபடியும் நடந்தேன்.
அதை 212ஆம் அடிக்குறிப்பில் வைத்தேன்,
பெட்டியில் நகை வைப்பதுபோல.

நேற்று கோட்டிங்கனிலிருந்து மதிப்பீட்டாளர் கடிதம்.
அழகான கருத்து. ஒலி ஒத்துவரவில்லை.
இப்போது யாரும் இதை ஏற்பதில்லை. நீக்கவும்.
அவர் சொல்வது சரி.
அதுதான் எரிச்சல்.

இன்று காலை ட்யார்ட் வந்தான்,
விரிசல் அளப்பவன்.
குரோனிங்கன் வயல்களுக்கு அடியிலிருந்து
அறுபது ஆண்டு எரிவாயு உறிஞ்சினார்கள்.
வாக்குறுதிகள் மேலே இருந்தன,
நிலம் கீழே இறங்கியது.
என் அடுக்களைச் சுவர்
உச்சி முதல் தரைவரை இரண்டாகிவிட்டது.
முட்டுக்கொடுத்த மரத்தில் பாசி பிடித்தாயிற்று.

அட்டை அளவுகோலைப் பிளவின்மேல் வைத்து,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
"நான்கு மில்லிமீட்டர். போன முறை மூன்று.
அகலமாகிறது" என்றான்.
சிரித்துவிட்டேன்.
பாவம், மன்னிப்புக் கேட்டான்.

படிவத்தில் ஃப்ராவ்க்கே டைக்ஹௌஸ் என்று
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
அவர்கள் பக்கம் ஒரே முத்திரை,
அதுவும் அச்சிலேயே வந்தது.
"இதில் யார் கடந்துபோவது?" என்றேன்.
"எதை?"
காப்பி ஊற்றினேன்.
அவன் வீடும் பட்டியலில் இருக்கிறதாம்,
ஏழு ஆண்டாக.
மனைவி முன்னறையில் படுப்பதில்லையாம்.

போன பிறகு குறிப்பை நீக்கினேன்.
213 ஓரடி நகர்ந்து 212 ஆயிற்று.
திரையில் ஒரு தழும்பும் இல்லை.
பழைய அச்சுப்படியில் அந்தத் தாள் மட்டும் மிச்சமிருந்தது.
நான்காக மடித்து
சுவரின் பிளவில் செருகினேன்.

வடகடல் காற்று நிற்கவில்லை.
அதன் சீழ்க்கைதான்
அரைச்சுருதி இறங்கியது.